முப்பது வருட மௌனம்

அல்பம் என்று நாம் சொல்லும் இசைத்தொகுப்பு ஒன்று வெளிவந்தால், அதன் தலையெழுத்துப் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. இசைத்தட்டுக் காலத்தில் இந்நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. கம்பனி கொஞ்சப் பிரதிகளை அச்சிட்டு விமர்சகர்களுக்கும் வானொலிகளுக்கும் அனுப்பும். பத்திரிகையில் நாலு வரி வந்து, வானொலியில் இரண்டொரு தடவை பாட்டு ஒலித்தால் கடைக்காரர் மேலும் தட்டுகள் கேட்பார். இல்லையென்றால் மறுபதிப்பு இல்லை. அத்தோடு கதை முடிந்தது.

இப்படி முடிந்துபோன தொகுப்புகளைத் "தோல்வியடைந்தவை" என்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் கேட்டுவிட்டு வேண்டாம் என்று ஒதுக்குவது வேறு. கேட்காமலே விட்டுவிடுவது வேறு. இரண்டாவது வகைக்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் வாஷ்டி பன்யன் என்ற பிரித்தானியப் பாடகி.

1945இல் பிறந்த இவர், இருபது வயதில் லண்டனில் தனது முதலாவது இசைத்தட்டை வெளியிட்டார். அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முகாமையாளராக இருந்தவரே அதற்குப் பொறுப்பு. பாட்டும் அக்குழுவினர் எழுதியது. இத்தனை பலமான கைகள் தூக்கிவிட்டும் அது எடுபடவில்லை. பின்னர் 1968இல், துணைவரோடு குதிரை வண்டியொன்றில் ஏறி ஸ்கொட்லாந்தின் வடமேற்குத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். டொனோவன் என்ற புகழ்பெற்ற பாடகர் அங்கே தீவுகள் வாங்கி, கலைஞர்கள் கூடிவாழ ஓர் இடம் அமைக்க எண்ணியிருந்தார். குதிரையின் நடைக்கு எத்தனை நாள் எடுக்கும்! பயணம் ஒரு வருடத்தையும் தாண்டியது. போய்ச் சேர்ந்தபோது அந்தக் கனவு கலைந்திருந்தது. ஆனால் வழியெல்லாம் பாடல்கள் பிறந்திருந்தன.

வயல், மழை, அந்தி, குதிரை, தாலாட்டு. இவைதாம் அவற்றின் பொருள். குரலோ பக்கத்து அறையில் யாரோ தமக்குத்தாமே பாடுவது போல இருக்கும். ஜோ போய்ட் என்ற தயாரிப்பாளர் 1969இன் இறுதியில் இப்பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். "ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே" என்ற பெயரில் 1970இல் வெளிவந்த அந்தத் தொகுப்பு விற்றது சில நூறு பிரதிகள் மாத்திரமே. விமர்சகர்கள் அதைத் தாக்கவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாஷ்டி பாடுவதை நிறுத்தினார். மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கிராமப்புறத்தில் வாழ்ந்தார். ஏறத்தாழ முப்பது வருடங்கள்!

இந்த இடத்தில் ஆசிரியை என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தாம் எழுதிய கவிதையை வகுப்பில் வாசித்துவிட்டு, அடுத்ததை எழுதாமலே விட்டுவிடும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். யாரும் பரிகசித்ததால் அல்ல. பரிகாசத்துக்குப் பதில் சொல்லும் துணிவு நம் பிள்ளைகளுக்கு நிறையவே உண்டு. யாரும் எதுவும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டதால்தான்.

அந்தச் சில நூறு தட்டுகளோ அழியவில்லை. கைமாறிக் கைமாறி, பழைய இசைத்தட்டுச் சேகரிப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தன. விலை ஏறியது, பிற்காலத்தில் மூலப் பிரதியொன்று ஆயிரம் பவுண்களுக்கு மேலும் போனது. அதில் பாடியவருக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. பழைய தட்டை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அது. 1990களின் பிற்பகுதியில் வாஷ்டி ஒரு கணினி வாங்கி, இணையத்தில் தனது பெயரைத் தேடினார். தான் மறந்துவிட முயன்ற தொகுப்பைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் ஆசையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவெளியீடு நினைத்தவுடன் நடக்கும் காரியமல்ல. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் பாடியவரிடம் இருப்பதில்லை, கம்பனியிடம் இருக்கும். கம்பனிகள் கைமாறியிருந்தால் பழைய ஒப்பந்தங்களைத் தோண்டியெடுக்க வேண்டும். மூல ஒலிநாடா தேவை. அது கிடைக்காவிட்டால் தேய்ந்த தட்டிலிருந்து கரகரப்போடு பிரதியெடுக்க நேரிடும். இப்படியான வேலைகளெல்லாம் முடிந்து, அத்தொகுப்பு 2000ஆம் ஆண்டு இறுவட்டாக வந்தது. இம்முறை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். தொகுப்பில் ஒரு சுரமும் மாறவில்லை.

அதற்காக, மறக்கப்பட்டவை எல்லாம் மாணிக்கங்கள் என்று நான் சொல்லவரவில்லை. "கண்டெடுக்கப்பட்ட பொக்கிஷம்" என்பது இன்று ஒரு நல்ல விற்பனைத் தந்திரமும்கூட. கேட்டுப்பார்த்தால், மறந்ததே நல்லது என்று தோன்றும் தட்டுகளும் உண்டு. பின்னணிக் கதை உருக்கமாக இருப்பதற்காகப் பாட்டுக்குப் புள்ளி கூட்டிப் போடக்கூடாது.

கண்டெடுப்பு எல்லோருக்கும் உரிய நேரத்தில் வருவதுமில்லை. அதே ஜோ போய்ட் தயாரித்த இன்னொரு பாடகர் நிக் டிரேக். மூன்று தொகுப்புகள் வெளியிட்டார். மூன்றுமே மிகக் குறைவாக விற்றன. 1974இல், 26 வயதில் காலமானார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அவரது பாட்டு ஒலித்தபோதுதான் ஆயிரமாயிரம் பேர் அவரைத் தேடிப்போனார்கள். அதைக் காண அவர் இல்லை.

வாஷ்டி இருந்தார். டெவேந்திரா பான்ஹார்ட் என்ற இளம் பாடகர் தன் பாடல்களை அனுப்பி அவரது அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதினார். 2004இல் வந்த அவரது தொகுப்பொன்றில் வாஷ்டியும் சேர்ந்து பாடினார். மறு வருடம், முதல் தொகுப்பு வந்து முப்பத்தைந்து வருடங்களின் பின், "லுக்ஆஃப்டரிங்" என்ற இரண்டாவது தொகுப்பு வெளிவந்தது. 2014இல் மூன்றாவது. 2022இல் அந்தக் குதிரை வண்டிப் பயணத்தைச் சொல்லும் "வேவர்ட்" என்ற நூல்.

கேட்க விரும்புவோர் முதல் தொகுப்பையும் இரண்டாவதையும் ஒரே மாலையில், அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் பாடுபவர் அறுபது வயதுப் பெண்மணி. குரலை மட்டும் கேட்டால் வயதைச் சொல்வது கடினம்.