கொல்லைப்புற கேஸ் கிரில்: வாங்கி விற்கும் முன் கவனிக்க வேண்டியவை

நம் ஊர்ப் பாத்திரக் கடைகளுக்கும் ஹார்டுவேர் கடைகளுக்கும் சில ஆண்டுகளாக ஒரு புதிய சரக்கைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கொல்லையிலோ மொட்டை மாடியிலோ வைத்து கோழி, மீன், பன்னீர், சோளக்கதிர், கத்திரிக்காய் ஆகியவற்றை வாட்டுவதற்கான கேஸ் கிரில் அடுப்புதான் அது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்திலிருந்து வருபவர்களே இதை அதிகம் கேட்கிறார்கள். 1998-இல் ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கிய பின் கொரியக் குடும்பங்கள் அப்பக்கம் வந்து தங்கின. வாட்டிச் சாப்பிடுவது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகளும் இப்போது அதையே கேட்கிறார்கள்.

கேட்கிறார்களே என்று நாமும் சரக்கு எடுக்கிறோம். ஆனால் இட்லிப் பானையைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லும் நமக்கு இந்தச் சரக்கில் அனுபவம் போதாது. ஒரே அளவு, ஒரே பளபளப்பு, விலையில் மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம். எதனால் என்று கேட்டால், கொண்டு வந்து காட்டும் விற்பனையாளருக்கே பல சமயம் பதில் தெரிவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு மூன்று பர்னர் கிரில் ஒன்றை விற்றேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வீட்டுக்காரர் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடை வாசலிலேயே இறக்கினார். மூடியின் ஓரமெல்லாம் செம்புள்ளி. உள்ளே பர்னர் குழாயில் விரல் நுழையும் ஓட்டை. "எவர்சில்வர்னு சொல்லித்தானே குடுத்தீங்க அண்ணே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. நான் எவர்சில்வர் என்று நம்பித்தான் சொன்னேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

காந்தம் சொல்லாத விஷயம்

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது நம் வியாபாரத்தில் பல காலமாக ஊறிய நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. 202 முதலிய 200 வரிசை ரகங்களில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். அவற்றிலும் காந்தம் ஒட்டாது. கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மழையிலும் உப்பிலும்தான் தெரியும். வெட்டவெளியில் நின்று, மசாலாவும் எலுமிச்சைச் சாறும் சிந்தி, சூடேறிக் குளிர்ந்து கிடக்கும் சரக்குக்கு 200 வரிசைத் தகடு தாங்காது.

இன்னொரு பக்கம், காந்தம் ஒட்டுகிறது என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒதுக்கவும் கூடாது. 430 என்ற ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அதிலும் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் வரை உண்டு. கூரைக்குக் கீழே வைத்துப் புழங்கினால் நன்றாகவே உழைக்கும். உண்மையான 304 தகட்டை அழுத்தி மடித்த மூலைகளில் காந்தம் லேசாக இழுப்பதும் உண்டு. அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜரிகையில் நாம் என்ன செய்கிறோமோ அதையேதான் செய்ய வேண்டும். சேலையின் பளபளப்பைப் பார்த்து வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று காஞ்சிபுரத்தில் யாரும் முடிவு செய்வதில்லை. ஜரிகையைச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியே எவர்சில்வரில் நிக்கல் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்பதையும் காட்டிவிடும். மொத்தமாக எடுப்பவர்கள் ஒரு துண்டுத் தகட்டைக் கேட்டு வாங்கிச் சோதித்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், ஒரு சொட்டுத் திரவமும் சிறு பேட்டரியும் வைத்து நிற மாற்றத்தைப் பார்க்கும் சோதனைப் பெட்டி உலோகக் கடைகளில் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சப்ளை செய்பவரிடம் ரகத்தின் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே 'எஸ்.எஸ்.' என்று மட்டும் எழுதுபவரிடம் பேரம் பேசி என்ன பயன்?

தகட்டின் கனத்தையும் கேட்க வேண்டும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2, 22 கேஜ் சுமார் 0.7. மலிவான கிரில்லில் வெளிமூடி மட்டும் கனமாக இருக்கும், நெருப்புப் படும் உட்பெட்டி மெல்லிசாக இருக்கும். மூடியைத் தூக்கி மூடிப் பார்த்துவிட்டு வாங்குபவர் இதில் ஏமாந்துவிடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களுக்கு வாங்க வருபவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். கடல் காற்றில் 304-உம் நாளடைவில் பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் அங்கே தாங்கும், அதன் விலையும் அதிகம். முடியாதவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து, உறை போட்டு வைக்க வேண்டும்.

பர்னரே உயிர்

மூடி துருப்பிடித்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். பர்னர் போனால் அடுப்பே போயிற்று. 2019-இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, இந்த ஊரில் எத்தனை தற்காலிகச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். விடியுமுன் பற்றவைத்த அடுப்பு நள்ளிரவு வரை அணையவில்லை. அந்த நாட்களில் எங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வந்த அடுப்புகள் பெரும்பாலும் மெல்லிய தகட்டுக் குழாயைச் சுருட்டி வெல்டிங் செய்த பர்னர்களே. வார்ப்பிரும்பு பர்னர் ஒன்றிரண்டு வந்ததும் துவாரம் அடைத்துக்கொண்டதால்தான். கம்பியால் குத்திச் சுத்தம் செய்ததும் எரிந்தன.

கிரில்லுக்கும் இதே கணக்குதான். கனமான வார்ப்பிரும்போ பித்தளை வார்ப்போ நெடுநாள் வரும். 304 எவர்சில்வர் குழாய் பர்னரும் நல்லதே, ஆனால் கனம் வேண்டும். கையில் எடுத்துப் பாருங்கள். சோற்றுக் கரண்டி கனம்கூட இல்லையென்றால் அது ஒரு மழைக்காலத்துக்குத்தான். பர்னருக்கு மேலே கூரை போன்ற தகடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு நேராக நெருப்பில் விழாமல், துவாரத்தை அடைக்காமல் அது தடுக்கும். அமெரிக்காவில் வெபர் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஜெனிசிஸ் கிரில்லில் இப்படிச் சாய்வான தகடுகளை வைத்தது. இன்று பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

வாட்டும் கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரோம் முலாம் பூசிய மெல்லிய கம்பி சில மாதங்களில் உரியும், வேண்டாம். வார்ப்பிரும்புக் கம்பியைத் தோசைக்கல்லைப் போலவே எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு அதில் பாடம் எடுக்க வேண்டாம், கணவன்மார்களுக்குச் சொன்னால் போதும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அதன் முள் உதிர்ந்து சாப்பாட்டில் சேர வாய்ப்புண்டு. பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பானது. கோவில் ஊரில் சைவம், அசைவம் இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி கேட்பவர்கள் உண்டு. கூடுதல் செட் ஒன்று வைத்திருப்பது வியாபாரத்துக்கும் நல்லது.

'முப்பதாயிரம் பி.டி.யூ.' என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மலைப்பார். அது ஒரு மணி நேரத்தில் வெளியாகும் சூட்டின் அளவு. நம் கணக்கில் சொன்னால், எல்லாப் பர்னரையும் முழுதாகத் திறந்து வைத்தால் மணிக்கு சுமார் 700 கிராம் கேஸ் செலவாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 20 மணி நேரம் வரும், 5 கிலோ சிலிண்டர் ஏழு மணி நேரம். எண் பெரிதாக இருப்பதால் அடுப்பு உயர்ந்ததாகிவிடாது. தகடு மெல்லிசாக இருந்து சூடு வெளியே ஓடுவதால்கூட அவ்வளவு கேஸ் தேவைப்படலாம்.

வெளிநாட்டுக் கிரில்லும் நம் சிலிண்டரும்

இறக்குமதிச் சரக்கில்தான் ஆபத்து அதிகம். சில கிரில்கள் குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் ஜெட் துவாரம் பெரிது. அதில் நம் சிலிண்டர் கேஸை இணைத்தால் சுவாலை மஞ்சளாக எழும்பும், கரி படியும், பெட்டி மிதமிஞ்சிச் சூடாகும். நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிராம். எந்த கேஸுக்கு, எந்த அழுத்தத்துக்கு என்பது கிரில்லில் ஒட்டியுள்ள தகட்டில் எழுதியிருக்கும். அமெரிக்கச் சரக்கின் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் பொருந்தவும் பொருந்தாது. அதற்காக யாராவது கடைந்து செய்து தரும் இடைத்துண்டை மாட்டி விற்காதீர்கள். கல்யாணச் சமையலுக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டுக் கிரில்லுக்குப் போடுவதும் கூடாது. டியூப் ஐ.எஸ். 9573 முத்திரையுள்ள, உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா ரகமாகவே இருக்கட்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

ஓட்டல், மண்டபம், தங்கும் விடுதி நடத்துபவர் கிரில் வாங்கினால் 19 கிலோ வணிக சிலிண்டரைத்தான் இணைக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. வழங்கல், விநியோக ஒழுங்குமுறை ஆணை தடை செய்கிறது. அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருவது.

நம் ஊருக்கு என்றே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நெசவாளர் வீடுகளில் தெருத் திண்ணையிலிருந்து கொல்லை வரை நேராகப் போகும் கூடத்தில் தறிக்குழி இருக்கிறது. கொல்லையில் கிணறும் சாக்கடையும் இருக்கின்றன. மழை வந்துவிட்டது என்று கிரில்லைக் கூடத்துக்குள் இழுத்து வைத்துச் சமைத்தால், கசிந்த கேஸ் போய்ச் சேரும் இடம் தறிக்குழி. மேலே பாவில் இருப்பது பட்டு. அதனால் இந்த அடுப்பை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்பதை வாங்குபவருக்குத் தயங்காமல் சொல்லுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் கேஸ் நிறைந்த பின் பொறி விழுந்தால் மூடியே பறக்கும். முதல் தடவை பற்றாவிட்டால் வால்வை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். சில மாதம் சும்மா கிடந்த கிரில்லாக இருந்தால், பர்னர் குழாயைக் கழற்றி உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடு அடைத்திருந்தால் சுவாலை பர்னரில் எரியாமல் பின்னால் திருகியின் பக்கம் எரியும். கசிவைச் சோப்பு நுரை தடவித்தான் சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல.

இவற்றையெல்லாம் கடைக்காரன் ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பு, தயாரித்தவரோடு நிற்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காவிட்டாலும், பொருளைப் பூட்டித் தருவதில் கவனக்குறைவாக இருந்தாலும், தயாரிப்பாளர் தராத உறுதியை நாமாகவே தந்தாலும் விற்றவரும் பதில் சொல்ல வேண்டிவரும். பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் தாளை அப்படியே கொடுத்து அனுப்பாமல், முக்கியமான ஏழெட்டு வரிகளைத் தமிழில் அச்சிட்டு பில்லோடு இணைத்துத் தருகிறேன். நகல் ஒன்றில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பட்டுக்கடைக்காரருக்கு வேறு கிரில் கொடுத்தேன். முதல் கிரில்லுக்கு மாற்று பர்னர் கேட்டு சப்ளை செய்தவருக்கு மூன்று முறை போன் செய்தேன். அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார். அதிலிருந்து புதிய மாடல் எதை எடுத்தாலும், முதல் ஆர்டரிலேயே பர்னர் இரண்டு செட், திருகி ஒரு செட், பற்றவைக்கும் பட்டன் இரண்டு என்று சேர்த்தே எழுதுகிறேன். உதிரி பாகம் தனியாகத் தர முடியாது என்று சொல்லும் கம்பெனியின் கிரில்லை, எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும் கடைக்குள் ஏற்றுவதில்லை.