ஒரே ஒருவரால் பிழைத்த சபை

போலந்தில் 1673-இல் பாப்சின்ஸ்கி நிறுவிய மரியன் துறவற சபை, 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ரஷ்யப் பேரரசு அதன் மடங்களை மூடி, நவதுறவிகளை, அதாவது பயிற்சிநிலைத் துறவிகளைச் சேர்க்கவும் தடை விதித்ததால் தேய்ந்து, 1909-இல் ஒரே ஒரு முதிய துறவியோடு நின்றது. உறுப்பினர் குழுவில் ஒருவரேனும் எஞ்சியிருந்தால் அதன் உரிமைகள் அனைத்தும் அவரிடமே சேரும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் நெறி. அந்த முதியவர் முன்னிலையில் லித்துவேனியக் குரு ஜார்ஜ் மட்டுலைடிஸ், வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவற்றுக்கான உறுதிமொழியாகிய வார்த்தைப்பாட்டை வார்சாவில் மறைவாக அளித்தார். புதிய சபைச் சட்டத்தைத் திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இல் ஏற்றார். 1911-இல் முதியவர் மறைய, தலைமைப் பொறுப்பேற்ற மட்டுலைடிஸ் சபையை வளர்த்தெடுத்தார். அவருக்கு 1987-இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.