இலை சொல்லும் பசி

தாவரம் எதை உண்டு வளர்கிறது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு அளவீட்டின் வழியே விடை காண முயன்றவர்களுள் ஒருவர், பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த வான் ஹெல்மான்ட். அவர் நன்கு உலர்த்தி எடையிட்ட 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீரைத் தவிர வேறெதனையும் அதற்கு அளிக்கவில்லை. முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டாக உயர்ந்திருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சு, அதாவது 57 கிராம் அளவே குறைந்திருந்தது. ஆகவே, மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவாயிற்று என அவர் முடிவு செய்தார். அவர் மறைந்த பின்னர், 1648ஆம் ஆண்டில் இம்முடிவு நூல்வடிவில் வெளிவந்தது.

அம்முடிவில் இரண்டு பொருள்கள் விடுபட்டுப் போயின. ஒன்று காற்று. மரத்தின் உடலிலுள்ள கார்பன் காற்றின் கார்பன் டைஆக்ஸைடிலிருந்து வந்தது என்பதை நாம் இன்று அறிவோம். மற்றொன்று, பிழையென ஒதுக்கத்தக்கதாகத் தோன்றிய அந்த 57 கிராம். மண்ணிலிருந்து தாவரம் பெறும் கனிமங்களின் கதை அச்சிறு எடையிலிருந்தே தொடங்குகிறது.

நீரில் வளர்ந்த பயிர்

1699ஆம் ஆண்டில் ஜான் உட்வர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர், புதினா வகைச் செடிகளை மழைநீர், ஆற்றுநீர், மண் கலந்த நீர் ஆகியவற்றில் தனித்தனியே வளர்த்தார். தூய நீரைவிட மண்பொருள் மிகுந்த நீரிலேயே செடிகள் நன்கு வளர்ந்தன. நீருடன் வேறு ஏதோ ஒன்றும் தாவரத்திற்குத் தேவை என்பது இதனால் புலனாயிற்று.

அது யாது என்பதை அறிய ஏற்ற முறை ஏறத்தாழ 1860ஆம் ஆண்டில் கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர்களான யூலியஸ் வான் சாக்ஸ், நாப் ஆகியோர், மண்ணே இல்லாமல் கனிம உப்புகள் கரைந்த நீரில் தாவரங்களை வளர்த்துக் காட்டினர். இதுவே நீர் ஊடக வளர்ப்பு எனப்படுகிறது. இம்முறையில் கரைசலிலிருந்து ஏதேனும் ஒரு தனிமத்தை மட்டும் நீக்கிவிட்டு, அதனால் தாவரத்திற்கு நேரும் மாற்றத்தை உற்றுநோக்க முடியும்.

தாவரத்தில் ஒரு தனிமம் காணப்படுவதனாலேயே அது இன்றியமையாததாகிவிடாது. 1939ஆம் ஆண்டில் ஆர்னான், ஸ்டவுட் ஆகியோர் இதற்கு மூன்று வரையறைகளை வகுத்தனர். அத்தனிமம் இல்லையேல் தாவரம் தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவு செய்ய இயலாது. அதன் இடத்தை வேறொரு தனிமம் நிரப்ப இயலாது. அது தாவரத்தின் வளர்சிதை மாற்றத்தில் நேரடியாகப் பங்கேற்க வேண்டும். இவ்வரையறைகளின்படி இன்று 17 தனிமங்கள் இன்றியமையாதவை எனக் கொள்ளப்படுகின்றன.

தாவரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கார்பன், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஆகிய மூன்றால் ஆனது. எஞ்சிய 14 தனிமங்கள் மிகச் சிறிய பகுதியையே பகிர்ந்து கொள்கின்றன. ஒரு கிலோகிராம் உலர்ந்த தாவரப் பொருளில் நைட்ரஜன் ஏறத்தாழ 15 கிராமும் துத்தநாகம் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் இருந்தால் போதும். மாலிப்டினமோ 0.1 மில்லிகிராம் அளவே தேவைப்படுகிறது. மிகுதியாகத் தேவைப்படுவனவற்றைப் பெரும ஊட்ட மூலங்கள் என்றும், சிறிதளவே தேவைப்படுவனவற்றை நுண் ஊட்ட மூலங்கள் என்றும் அழைக்கிறோம். அளவில் சிறியவை என்பதால் நுண் ஊட்ட மூலங்கள் சிறப்பில் குறைந்தவை அல்ல. உணவில் உப்பின் அளவு சிறிதே. ஆயினும் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.

முதிர்ந்த இலையா, இளம் இலையா?

ஒரு தனிமம் குறையும்போது தாவரம் அதனை இலைகளின் வாயிலாகப் புலப்படுத்துகிறது. இலையின் எப்பகுதி மஞ்சளாகிறது என்பதுடன், எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதையும் நாம் நோக்க வேண்டும்.

நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை தாவர உடலுக்குள் எளிதில் இடம்பெயர்பவை. இவற்றுக்குப் பற்றாக்குறை ஏற்படும்போது, முதிர்ந்த இலைகளில் உள்ளவை வெளியேறி வளரும் இளம் பகுதிகளைச் சென்றடைகின்றன. ஆகவே குறைபாடு முதலில் முதிர்ந்த இலைகளில் தோன்றும். கால்சியம், இரும்பு, போரான் முதலியன எளிதில் இடம்பெயராதவை. முதிர்ந்த இலையில் அவை இருப்பினும் இளம் இலைக்கு உதவா. எனவே அவற்றின் குறைபாடு இளம் இலைகளிலும் வளர்நுனியிலும் முதலில் வெளிப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மெக்னீசியம் பச்சைய மூலக்கூறின் மையத்தில் அமைந்துள்ளது. இரும்பு அம்மூலக்கூறின் உறுப்பன்று. எனினும் பச்சையம் உருவாவதற்கு அது தேவை. எனவே இவ்விரண்டில் எது குறைந்தாலும் நரம்புகள் பச்சையாக இருக்க, நரம்பிடைப் பகுதிகள் மஞ்சளாகும். இதற்குப் பச்சையச் சோகை என்று பெயர். மஞ்சள் நிறம் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கினால் மெக்னீசியக் குறைபாட்டையும், நுனியிலுள்ள இளம் இலைகளில் தொடங்கினால் இரும்புக் குறைபாட்டையும் ஐயுறலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றுக்கு மற்றொன்றை இட்டால் செலவே மிஞ்சும்; பயிர் தேறாது.

கைரா தந்த பாடம்

இமயமலை அடிவாரத்திலுள்ள தராய்ப் பகுதியில், 1960களில் நெற்பயிரை ஒரு கேடு தாக்கியது. நட்ட சில வாரங்களில் இலைகளின் அடிப்பகுதி வெளிறியது. பின்னர் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பரவின. பயிர் குட்டையாக நின்றுவிட்டது. காசுக்கட்டியின் பழுப்பு நிறத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லால் மக்கள் இதனைக் 'கைரா' என்று அழைத்தனர்.

புள்ளிகளைக் காண்போர் பூஞ்சையையோ பாக்டீரியத்தையோ ஐயுறுவது இயல்பு. ஆனால், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர நோயியல் அறிஞர் ஒய். எல். நேனே, இதற்குக் காரணம் நோய்க்கிருமி அன்று, துத்தநாகக் குறைபாடே என 1966ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்புடன் நீரில் கலந்து தெளித்தபோது பயிர் மீண்டது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் உருவாகத் துத்தநாகம் தேவை என்பதை நினைவுகூர்ந்தால், பயிர் குட்டையானதன் காரணம் விளங்கும்.

இத்தகைய வயல்களில் துத்தநாகம் அறவே இல்லை என்பதில்லை. காரத்தன்மை மிகுந்த சுண்ணாம்பு மண்ணிலும், நீர் தேங்கி நிற்கும் வயலிலும் அது வேர்கள் உறிஞ்ச இயலாத வடிவத்திற்கு மாறிவிடுகிறது. பாஸ்பரஸ் மிகுந்தாலும் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். மண்ணில் ஒரு கனிமம் இருப்பது வேறு. அது கரைந்த அயனியாக வேருக்குக் கிடைப்பது வேறு.

குறைவும் மிகையும்

கைரா தாக்கிய வயலில் யூரியாவை இருமடங்காக இட்டிருந்தால் பயிர் பிழைத்திருக்குமா? பிழைத்திராது. தேவையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும் ஊட்டப் பொருளே வளர்ச்சியின் எல்லையை வரையறுக்கிறது. ஏனையவற்றைப் பெருக்குவதால் அக்குறை நீங்காது. 1828ஆம் ஆண்டில் ஸ்பிரெங்கல் எடுத்துரைத்து, பின்னர் லைபிக் பரவச் செய்த இக்கோட்பாடு, 'குறைந்தபட்ச அளவு விதி' எனப்படுகிறது.

மிகையும் தீங்கானதே. மாங்கனீசு மிகுந்தால் இரும்பையும் மெக்னீசியத்தையும் வேர் உறிஞ்சுவது தடைப்படும். கால்சியம் தண்டு நுனியைச் சென்றடைவதும் தடைப்படும். அப்போது இலையில் நாம் காண்பது இரும்பு, மெக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் குறைபாட்டு அறிகுறிகளாக இருக்கலாம். அதனைக் கண்டு மேலும் உரமிடுவோர் உண்மைக் காரணத்தைத் தவறவிடுவர். மேலும், அறிகுறி வெளிப்படும் முன்னரே விளைச்சல் குறையத் தொடங்கலாம். இதனை மறைந்த பசி என்பர். ஆகவே இலையின் அறிகுறியைத் தொடக்கமாகக் கொண்டு, மண் ஆய்வாலும் இலைத்திசு ஆய்வாலும் அதனை உறுதிசெய்த பின்னரே உரத்தின் வகையையும் அளவையும் முடிவு செய்தல் வேண்டும்.

உங்கள் வீட்டிலோ வயலிலோ ஒரு செடி மஞ்சளாகி நிற்கக் கண்டால், உரப்பையைத் தேடும் முன் அதன் அருகில் சென்று பாருங்கள். மஞ்சள் நிறம் அடியிலையில் தொடங்கியதா, நுனியிலையில் தொடங்கியதா? இலை முழுவதும் பரவியதா, நரம்பிடையில் மட்டும் தோன்றியதா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் குறித்து வையுங்கள். வான் ஹெல்மான்ட் ஒதுக்கிய அந்த 57 கிராமில் எது குறைந்துள்ளது என்பதைக் கண்டறியும் தேடல் அக்குறிப்பிலிருந்து தொடங்கும்.