பின் சக்கரம் சொல்லும் செய்தி

மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் தயாரான அம்பாஸிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் ஒவ்வொரு அம்பாஸிடரும் வயதானதே. பின்புறம் ஏதேனும் ஒலி கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எல்லா ஒலியும் முதுமையின் ஒலி அன்று. அதை நன்றாகக் கேட்பவரும் ஓட்டுநர் அல்லர். அச்சுக்கு அருகே பின் இருக்கையில் அமரும் அம்மாவும் நாமும்தான்.

இக்காரின் இரு பின் சக்கரங்களும் ஒரே கெட்டியான அச்சின் முனைகளில் உள்ளன. அச்சைத் தாங்குவன கமான் பட்டைகள். எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே சென்டர் போல்ட் கோத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். முனைகளில் ரப்பர் புஷ்கள். பட்டை குதிப்பதை அடக்குவது ஷாக் அப்சார்பர்.

வேகத்தோடு ஏறும் முனகல் கேட்டால் பெரும்பாலும் டயர், பேரிங், கிரவுன் பினியன் ஆகிய மூன்றில் ஒன்றே காரணம். தார்ச் சாலை முடிந்து சிமெண்டுச் சாலை வந்ததும் ஒலி மாறினால் டயர். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் கேட்டால் கிரவுன் பினியன். வண்டி வலப்புறம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் சாயும். அப்போது முனகல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது பெருந்தவறு.

"டக், டக்" என்று சீராகக் கேட்டால் நம் கணக்குப் பாடம் உதவும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு முறை சுற்றும். மெதுவாகப் போகச் சொல்லி எண்ணிப் பார்க்கலாம். நொடிக்கு ஒரு தட்டு என்றால் கோளாறு சக்கரத்தோடு சுற்றுகிறது. உடனே ஓரமாக நிறுத்தி, நட்டுகள் தளர்ந்துள்ளனவா, டயர் புடைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழும்போது மட்டும் கேட்கும் தட்டல் தேய்ந்த புஷ்ஷாக இருக்கலாம்.

நின்ற வண்டியின் பின்மூலையை அழுத்தி விட்டால் அது ஓரிரு முறைக்கு மேல் ஆடக் கூடாது என்பார்கள். கமான் பட்டையில் இச்சோதனை ஏமாற்றும். தகடுகளின் உராய்வே ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதே மேல்.

ஒலியே இல்லாத கோளாறும் உண்டு. சென்டர் போல்ட் முறிந்து யூ போல்ட்டும் தளர்ந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். வண்டியை நேராகச் செலுத்த ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பிப் பிடிக்க நேரும். பின்னால் வருபவர் கண்ணுக்கு அது நண்டுபோல் சாய்ந்து ஓடும். முன் சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அம்மாவின் தையல் டேப்பே போதும்!

வண்டியைத் தூக்கிப் பார்ப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவோம். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. அவற்றை ஜாக்கியில் தூக்கினால் அது பயன்படாது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சுக்கடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே அவரும் அடியில் தலை நீட்டுவார்.