உலோக நஞ்சும் கொடுக்கிணைப்புச் சிகிச்சையும்

சாயப்பட்டறை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு உப்புத் தண்ணீரின் தொல்லையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீரில் சுண்ணச்சத்து மிகுந்திருப்பின் சாயம் நூலில் சீராகப் பற்றாது. திட்டுத் திட்டாக நின்றுவிடும். இத்தொல்லையைப் போக்கும்பொருட்டே 1935ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு இரசாயன அறிஞர் பெர்டினாண்டு மூன்ஸ் என்பார் ஒரு பொருளை ஆக்கினார். அதன் பெயர் மிக நீண்டது; சுருக்கமாக இ.டி.டி.ஏ. என்பர். சாயத்தொட்டியில் சிறிதளவு இட்டால் அது நீரிலுள்ள சுண்ணச்சத்தைப் பற்றித் தன்னுள் அடக்கிக்கொள்ளும். பிடிபட்ட சுண்ணம் நீரிலேயே கரைந்து கிடக்குமாயினும் சாயத்தின் வழிக்கு வாராது.

துணித் தொழிலுக்கென்று பிறந்த இப்பொருளே பின்னர் மனித உடலினின்று காரீயத்தை வெளியேற்றும் மருந்தாயிற்று. ஒரு மூலக்கூறு பல முனைகளால் உலோக அணுவை இறுகப் பற்றும் இச்செயலுக்கு, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு மார்கன், ட்ரூ என்னும் அறிஞர்கள் 1920இல் பெயரிட்டனர். தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம். கிள்ளைப் பக்கத்து உப்பங்கழியில் நண்டு பிடித்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். ஒரு கொடுக்கில் சிக்கியது உதறினால் விடுபடும். இரு கொடுக்கிலும் சிக்கியது எளிதில் விடுபடாது.

இதனை ஈண்டு எழுத நேர்ந்தது ஏன் என்று வினவலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதை யாவரும் அறிவர். உப்பனாற்று வண்டலில் படிந்துள்ள உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் பலர் ஆய்ந்து எழுதியிருக்கின்றனர். ஆற்றோரத்து மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சத்தையே முதலாகக் கொண்டு, “உடலிலுள்ள நஞ்சனைத்தையும் ஊசி போட்டுக் கழுவிவிடுவோம்” என்று விளம்பரம் செய்வோரும் உளர். கடன் வாங்கியேனும் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று கருதுபவர் முதலில் அறிய வேண்டிய செய்திகள் சில உண்டு.

இச்சிகிச்சை பொய்யன்று. காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றால் உண்மையாகவே நஞ்சூட்டப்பெற்றவர்க்கு இது உயிர் காக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் கலந்த லூயிசைட்டு என்னும் நச்சுப்பொருளுக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் பி.ஏ.எல். என்னும் மருந்தைக் கண்டனர். அதன் வழிவந்த டி.எம்.எஸ்.ஏ. என்பது வாய்வழி உட்கொள்ளும் மருந்து. தாலசீமியா நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்றுவதும் இவ்வகை மருந்துகளே.

எனினும் கொடுக்கு, நல்லது தீயது அறியாது. சாயத்தொட்டியில் சுண்ணத்தைப் பற்றிய அதே பொருள் இரத்தத்திலும் சுண்ணத்தையே பற்றும். இரத்தத்தில் சுண்ணச்சத்து திடீரெனக் குறைந்தால் இதயம் நின்றுவிடும். ஆதலின் காரீய நஞ்சுக்கு, கொடுக்கில் முன்னரே கால்சியத்தைப் பிடித்திருக்கும் இ.டி.டி.ஏ.யையே மருத்துவர் செலுத்துவர். அது கால்சியத்தை விடுத்துக் காரீயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேறும். கால்சியம் இல்லாத வகையும் உண்டு. இரண்டன் பெயரும் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இச்சிகிச்சையால் இரத்தச் சுண்ணம் குன்றி மூவர் மாண்டனர். அவருள் இருவர் குழந்தைகள்.

மேலும், இரத்தத்திலுள்ள காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் குடிகொண்டதோ பல பத்தாண்டுகள் தங்கும். மருந்தினால் இரத்தம் தூய்மையுற்றாலும், சில வாரங்களில் எலும்பிலிருந்து காரீயம் மீண்டும் இரத்தத்திற்கு வந்து சேரும். மூளைக்கு நேர்ந்த கேட்டை மருந்து மீட்டுத் தருவதுமில்லை. இரத்தத்தில் மிதமான அளவு காரீயமுள்ள 780 அமெரிக்கக் குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2001இல் வெளியாயிற்று. டி.எம்.எஸ்.ஏ. உண்டவர்க்குக் காரீயம் குறைந்தது, அறிவுத்திறன் உயரவில்லை.

இதயக் குழாய் அடைப்பை அறுவையின்றிக் கரைப்பதாகக் கூறி இதே ஊசியை விற்பவர் உளர். முன்னரே மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளிகள் 1000 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2024இல் வந்தது. இரத்தக் காரீயம் பாதிக்கும் மேல் இறங்கியும், இதய நோய் நேர்வது குறையவில்லை. ஆலைப் புகையில் வரும் ஆவிகளும் கரைப்பான்களும் உலோகமல்லவாதலின் அவற்றைப் பற்றும் ஆற்றலும் இம்மருந்துக்கு இல்லை.

ஆகவே நஞ்சு வரும் வழியை அடைப்பதே முதற்பணி. நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010இல், பொன் எடுக்கக் கற்களை வீட்டிலேயே அரைத்ததால் எழுந்த காரீயத் தூசியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தனர். அங்குச் சென்ற ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர், வீட்டு முற்றத்து மண் அகற்றப்பெற்ற ஊர்க் குழந்தைகளுக்கே சிகிச்சை அளித்தனர். நச்சு மண்ணில் மீண்டும் தவழப்போகும் குழந்தைக்கு மருந்து ஊட்டிப் பயனென்ன?

நம் ஊரில் வழிகள் யாவை? பழைய மின்கலங்களை உருக்குதல் ஒன்று. பழுப்பு மறைந்து பளபளக்கவேண்டுமென்று மஞ்சளில் ஈயக் குரோமேட்டைக் கலப்பது மற்றொன்று. வங்காள தேசத்தில் 2019இல் கடை மஞ்சளில் ஏறத்தாழப் பாதியில் காரீயம் இருந்தது. அரசு கண்டிப்புக் காட்டியபின் 2021இல் அது அறவே மறைந்தது. இனி, இரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அது வெள்ளீயத்தால் ஆனதாயின் குற்றமில்லை. ஆனால் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் ஈயம் என்றே வழங்கும் நம் பேச்சு, கலப்படம் செய்பவனுக்கு நல்ல மறைவாக இருக்கிறது. முறையாக முடிக்கப்பெறாத பற்பம், செந்தூரங்களையும் மறத்தல் கூடாது.

ஐயமுடையவர் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறிப்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே அது வரும் வழியைத் தேடவேண்டும். 10 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 45 மைக்ரோகிராம் எட்டினால் மருந்து தரவேண்டும். பெரியவர்க்கு வரம்பு வேறு. சிலர் முதலில் கொடுக்கிணைப்பு மருந்தை ஊட்டிவிட்டுப் பின்பு சிறுநீரைச் சோதித்து, உலோகம் மிகுந்திருப்பதாகத் தாள் தருவர். மருந்துண்டபின் எவர் சிறுநீரிலும் உலோகம் மிகுந்தே காணும். அத்தாளை நம்பிப் பணம் கட்டவேண்டா. சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேறு அரசு மருத்துவமனைக்கோ செல்லும்போது, செய்யும் வேலை, குடிக்கும் நீர், உண்ணும் நாட்டு மருந்து, சமைக்கும் பாத்திரம் ஆகிய நான்கையும் தாமாகவே மருத்துவரிடம் கூறுக. கூட்டம் மிகுந்த வேளையில் அவர் கேட்க மறக்கவும் கூடும்.