அழுகண்ணியை இனங்காணல்

ஹாலிஎலவிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறும் பெருந்தெருவின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களும், சிங்களத்தில் ‘பத்தன’ எனப்படும் மலைப் புல்வெளிகளும் மாறிமாறித் தோன்றும். 1899ஆம் ஆண்டிலே பியர்சன் என்னும் தாவரவியலறிஞர் இலங்கைப் பத்தனப் புல்வெளிகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். அவற்றுள் மலைமீதுள்ள ஈரமான புல்வெளிகளிலே, குனிந்து நோக்குவார்க்கன்றிப் பிறர்க்குப் புலப்படாத சிறு செடியொன்று வளர்கின்றது. அதுவே அழுகண்ணி.

இதன் இலைகளில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் பல உள. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத்துளியொன்று கண்ணீர்போலத் திரண்டு நிற்பதால் இப்பெயர் பெற்றது. பனித்துளி வெயிலேறியதும் உலர்ந்துவிடும். இத்துளியோ நண்பகலிலும் மின்னும். முதலாவது அடையாளம் இதுவே. நைதரசன் குறைந்த மண்ணில் வாழும் இச்செடி, பசையில் ஒட்டிய சிறு பூச்சிகளைச் செரித்து அக்குறையை நிறைவு செய்கின்றது. இவ்வுண்மையைச் சாள்ஸ் டார்வின் 1875இல் வெளியிட்ட நூலிலே சோதனைகளால் நிறுவினார்.

எனினும், அழுகண்ணி என்பது ஒரு செடியின் பெயரன்று. துரோசெராப் பேரினத்துச் செடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயராகும். இலங்கையில் அவற்றுள் மூன்று இனங்கள் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. இவற்றின் பூக்கள் நல்ல வெயிலிற் சிறிது நேரமே விரிவன. அன்றியும், இரண்டு இனங்களின் பூக்கள் வெண்ணிறமானவை. ஆதலின் பூவை நம்பாது இலையை நோக்குதலே தக்கது.

இலைகள் ஆப்பு வடிவாய், தரையோடு ஒட்டி வட்டமாய் அடுக்கப்பட்டு, நாணயமளவில் இருப்பின் அது துரோசெரா பர்மனை. 1737இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூலெழுதிய பர்மன் என்பாரின் பெயரை வால் என்பார் 1794இல் இதற்கு இட்டார். தரைவட்டமின்றி நிமிர்ந்த தண்டில் நூல்போன்ற நீண்ட இலைகள் இருப்பின், அது லின்னேயசு 1753இல் பெயரிட்ட துரோசெரா இண்டிகா. இதன் பூ பெரும்பாலும் இளஞ்சிவப்பு. இவ்விரண்டும் தாழ்நிலத்து ஈரமணலுக்கும் உரியன. மெல்லிய காம்பின் நுனியிலே பிறைபோன்ற இலைகளைத் தாங்குவது துரோசெரா பெல்ற்றாற்றா. மலைப் பத்தனைக்குரியது இதுவே. வரட்சியில் மேற்பகுதி மடியினும், மண்ணுள் உறங்கும் கிழங்கிலிருந்து இது மீண்டும் தளிர்க்கும்.

அழுகண்ணியோடு சேர்த்துக் கூறப்படும் தொழுகண்ணி இதன் உறவன்று. அது சிற்றிலைகளைத் தானே அசைக்கும் அவரைக் குடும்பத்துச் செடி.

பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றெனக் கொள்வோர், மருந்துக்கென ஒன்றை நாடி மற்றொன்றை வேரோடு பறிப்பர். தேயிலைக்கும் பின்னர் பைன் மரங்களுக்கும் இடங்கொடுத்துச் சுருங்கிய புல்வெளிகளில் இவ்வாறு பறிபடும் ஒவ்வொரு செடியும் இழப்பேயாம். இனங்காண்பதற்குக் கைவில்லையும் பொறுமையுமே போதும். செடியைப் பிடுங்க வேண்டுவதில்லை. நின்ற இடத்திலேயே கண்டு, பெயரறிந்து, விட்டு வருதலே மாணாக்கர்க்கு அழகு.