சேத்ரிக்குப் பின் ஏன் ஆளில்லை?

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு இந்திய அணியின் தலைவர் சுனில் சேத்ரி சர்வதேசக் கால்பந்திலிருந்து விடைபெற்றார். அன்று அவர் கணக்கில் 151 சர்வதேச ஆட்டங்கள், 94 கோல்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே கோல் எண்ணிக்கையில் அவருக்கு மேலே இருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, நாற்பது வயதுக்காரரைத் திரும்ப அழைத்தார்கள். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் 95ஆவது கோலை அடித்ததை நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்தியக் கால்பந்தை நடத்துகிறவர்கள் தலைகுனிந்திருக்க வேண்டிய கோலும் அதுதான். 2024 முழுவதும் இந்திய அணி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது. சேத்ரி மாதிரி ஒருவர் எப்போதாவதுதான் பிறப்பார் என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறோம். அந்தச் சமாதானத்தை ஏற்க முடியாது. நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. முன்களத்தின் நடுவில் நின்று ஆடிப் பழகத்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய 2014 முதல் 2024–25 வரை பதினோரு பருவங்கள். ஒன்றில்கூட அதிகக் கோல் அடித்தவருக்கான விருதை இந்தியர் வாங்கியதில்லை. எலானோ, மென்டோசா, கோரோ, ஓக்பெச்சே எனத் தொடங்கி, 2024–25இல் 23 கோல் அடித்த மொராக்கோ வீரர் அஜராய் வரை எல்லோருமே வெளிநாட்டவர். இது ஐஎஸ்எல்லோடு வந்த வழக்கமும் அல்ல. 1996–97இல் நடந்த முதல் தேசிய லீக்கில் 14 கோலுடன் முதலிடம் பிடித்தவர் பாய்ச்சுங் பூட்டியா. அதற்கு அடுத்த பருவத்தில் அந்த இடம் நம் ராமன் விஜயனுக்கு. பிறகு நைஜீரியாவின் ஒடாஃபா ஒகோலியும் ரான்டி மார்ட்டின்ஸும் வந்தார்கள். கோல் அடிக்க வெளிநாட்டவர், அவருக்குப் பந்து கொடுக்க இந்தியர் என்ற ஏற்பாடு அப்போதே கிளப்புகளில் ஊறிவிட்டது. சேத்ரியே இதற்குத் தப்பவில்லை. பெங்களூரு எஃப்சியில் 2017–18 பருவத்தில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் நின்றார், இந்திய அணியின் தலைவர் இடது ஓரத்தில் ஆடினார். அந்த ஓரத்திலிருந்து உள்ளே வந்தே 14 கோல் அடித்தார் என்பது அவருடைய பெருமை. அதே வேலையை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

ஏனென்றால் நடு முன்கள ஆட்டம் தனித் தொழில். கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் இடிக்கும் தடுப்பாளரைத் தாங்கிக்கொண்டு பந்தை நிறுத்த வேண்டும். கிராஸ் கிளம்புவதற்கு அரை விநாடி முன்பே முதல் கம்பத்தை நோக்கி ஓட வேண்டும். எண்பது நிமிடம் பந்தே வராமல் இருந்து, எண்பத்தொன்றில் வரும் ஒரே வாய்ப்பைத் தவறவிடாமல் அடிக்க வேண்டும். 170 செ.மீ. உயரமே உள்ள சேத்ரி தலையால் அத்தனை கோல் அடித்ததற்குத் தாவும் நேரத்தைக் கணித்த கூர்மைதான் காரணம். அந்தக் கூர்மை பயிற்சி முகாமில் வருவதில்லை. தோற்றால் கேள்வி கேட்கப்படும் ஆட்டங்களில், வாரம் தவறாமல் அந்த இடத்தில் நின்றால்தான் வரும்.

சேத்ரியின் கோல்களே பலவீனமான அணிகளுக்கு எதிரானவைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. நேபாளம், மாலத்தீவு, வங்கதேசம் ஆகியவற்றோடு இந்தியா அடிக்கடி ஆடியது. அந்தக் கோல்களும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அதே ஆட்டங்களில் அவரோடு ஆடிய மற்றவர்கள் அத்தனை கோல் அடிக்கவில்லையே. தஜிகிஸ்தானுக்கு எதிரான 2008 ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில் அவர் அடித்த ஹாட்ரிக்தான் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்குக் கொண்டுசென்றது. அந்தக் கோப்பையில் பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராகக் கோல் அடித்தார். 2019இல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. கிளப்புகள் ஜெயிக்க வேண்டும், நம்பகமான இந்திய ஸ்ட்ரைக்கர் இல்லாதபோது அவர்கள் என்ன செய்வார்கள்? இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. 2017–18இல் சென்னையின் எஃப்சி கோப்பையை வென்றபோது அந்த அணிக்காக அதிகக் கோல் அடித்தவர் மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா. மொத்தம் 9 கோல்; அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராக மட்டும் இரண்டு. ஒரு இந்தியரை முன்னால் நிறுத்தியும் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. பின்னர் முழங்கால் காயம் ஜெஜேவை முடக்கியது. அவர் காட்டிய வழியில் மற்ற கிளப்புகள் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையைத்தான் குறைத்துவிட்டோமே என்பார்கள். களத்தில் ஆறு பேர் என்றிருந்ததை ஐந்தாக்கி, 2021–22 முதல் நான்காக்கினார்கள். நல்ல முடிவு, அதற்குப் பலனும் கிடைத்தது. முதல் பருவங்களில் வெளிநாட்டு கோல்கீப்பர்கள் நின்ற இடத்தில் இன்று ஏறக்குறைய எல்லாக் கிளப்பிலும் இந்தியரே நிற்கிறார். விங்கில் சாங்டே, லிஸ்டன் கொலாசோ போன்றவர்கள் எழுந்து வந்தார்கள். ஆனால் மிஞ்சிய நான்கு இடங்களையும் கிளப்புகள் எதற்கு வைத்துக்கொண்டன? நடுத் தற்காப்புக்கும், நடுக்களத்துக்கும், எல்லாவற்றுக்கும் முன்பாக ஸ்ட்ரைக்கருக்கும். இந்தியருக்கு விட்ட இடத்தில் இந்தியர் வளர்ந்தார்; விடாத இடம் அப்படியே கிடக்கிறது. திறமை இல்லை என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது. வேகமும் பந்தடக்கமும் உள்ள பையனைப் பதினெட்டு வயதில் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இருபத்தைந்து வயதில் தேசிய அணி அவனை நடுவில் நின்று கோல் அடிக்கச் சொல்கிறது.

எண்ணிக்கையை இன்னும் குறைத்தால் மட்டும் இது தீராது. கடைசி ஒரு வெளிநாட்டவரையும் கிளப்புகள் முன்களத்துக்கே வைத்துக்கொள்ளும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கணக்குக் கேட்க வேண்டியது ஆடிய நிமிடங்களை. ஒவ்வொரு கிளப்பும் ஒரு பருவத்தில் 23 வயதுக்குட்பட்ட இந்தியர் ஒருவரை நடு முன்களத்தில் எத்தனை நிமிடம் ஆடவைத்தது என்று பார்த்து, மானியத்தை அதோடு இணைக்கலாம். இளையோர் லீக்குகளிலும் அதே கணக்கை வைக்கலாம். 2025 அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்துவிட்டோம். அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவரும் விங்கரான சாங்டேதான். 2031 கோப்பைக்கான தகுதிச் சுற்றில் முன்களத்தின் நடுவில் நிற்க வேண்டியவருக்கு இப்போது பதினாறு, பதினேழு வயது இருக்கும். எந்தப் பயிற்சியாளர் அவரை எங்கே நிறுத்துகிறார் என்பதை இந்தப் பருவத்திலேயே கேட்டாக வேண்டும்.